சேப்பாக்கத்திலிருந்து தஞ்சைக்கு: ஆய்வு நூலகங்கள் வழியே ஒரு பயணம்

ஆகஸ்ட் 12, 2025, செவ்வாய். சேப்பாக்கம்

எழும்பூரில் இறங்கும்போதே முதுகு நனைந்துவிட்டது. ஆடி முடிய இன்னும் சில நாள் இருக்கிறது, காற்றைத்தான் காணோம். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "இன்னொரு வாட்டி கேளும்மா, ஊத்துவாங்க" என்று எனக்காகச் சர்வரைக் கூப்பிட்டார். சென்னையில் முதல் உபசாரம் இப்படி அமைந்தது.

தென் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். ஆய்வுக்கு நூலகம் எப்படியெல்லாம் துணை நிற்கலாம் என்று ஓர் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்து எழுதினால் எல்லாரும் எழுதுவதையே நானும் எழுதுவேன். அதனால் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் பக்கம் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒரு கையெழுத்துதான். ஆய்வேட்டை மென்பொருளில் போட்டு, ஒப்புமை பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, சான்றிதழில் நான் கையெழுத்திட வேண்டும். கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறை கொண்டுவந்ததிலிருந்து இந்த வேலை நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. விதி நல்ல விதிதான். ஆனால் பல வருட உழைப்பு முடிந்து, ஏடு பைண்டிங்குக்குப் போகும் நேரத்தில்தான் அந்த மாணவரின் தலைப்பையே நான் முதன்முதலாகப் படிக்கிறேன். அப்போது போய், "இந்த நூலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டு என்ன பயன்?

இன்று தேசிய நூலகர் தினம். எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளைத்தான் அப்படிக் கொண்டாடுகிறோம். அவர் வேலை பார்த்த சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இந்த நாளில் நிற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் இங்கே நூலகராக வந்தார். லண்டன் போய்ப் படித்துத் திரும்பியபின், புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. தவறான பாதையில் ஒரு வருடம் நடந்துவிட்ட ஆய்வாளருக்கு அந்த வருடத்தை எந்த நூலகராலும் திருப்பித் தர முடியாது. கிளம்பும் முன்பே அவரைப் பார்த்தாக வேண்டும்.

மாலையில் மெரினாவில் பழைய தோழியைச் சந்தித்தேன். அவளும் ஓர் அரசுப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருக்கிறாள். சுண்டல் முப்பது ரூபாய், மாங்காய்த் துண்டு தாராளமாகப் போட்டிருந்தார்கள். பேச்சு நேராக 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்குப் போனது. இந்த ஜனவரியிலிருந்து மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் ஒரே சந்தாவில் கிடைக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

"முன்னெல்லாம் டிசம்பர் ஆனா சந்தா புதுப்பிக்கிறதிலேயே உயிர் போகும். இப்ப அது குறைஞ்சிருக்கு. ஒரு பேராசிரியர் வந்து, இனிமே உங்களுக்கு என்னம்மா வேலைன்னு கேக்கிறார்டி" என்றாள். குரலில் வருத்தம் தெரிந்தது.

எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. எல்லா அரசுப் பல்கலைக்கழகத்திலும் அதே இதழ்கள்தான் என்றால், ஒரு பல்கலைக்கழகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டப்போவது அங்கே மட்டும் இருக்கும் சேகரிப்பும், அதைத் தெரிந்த நூலகரும்தான். சந்தா வேலையில் மிச்சமாகும் நேரத்தை ஆய்வாளர்களுக்குக் கொடுக்க இதைவிட நல்ல தருணம் வராது. சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை என்பது தனிக் கவலை.

ராத்திரி நல்ல மழை.

ஆகஸ்ட் 13, புதன். தரமணி

பறக்கும் ரயிலில் டீ விலைகூட இல்லாத கட்டணத்தில் தரமணி. மழைத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது செருப்பு நனைந்து சளக் சளக் என்றது. வாசலில் இருந்தவர், "கழட்டி வெயில்ல வைங்க மேடம், சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்" என்று இடம் காட்டினார்.

இந்த நூலகத்தின் கதையை எங்கள் ஊர்ப் பேராசிரியர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்க வேண்டும். ரோஜா முத்தையா செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய தமிழ் அச்சு நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. தமிழ் நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று 1994இல் சென்னையில் நூலகமாக்கினார்கள். நூல்கள் இங்கே தங்கின, நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுக்கும் வேலையும் இங்கேயே நடந்தது. இரண்டு கண்டங்களின் ஆய்வாளர்களுக்கு அது பயன்பட்டது. ஆய்வில் நூலகம் பங்காளி என்று சொல்லும்போது என் மனதில் முதலில் வருவது இதுதான்.

வாசிப்பறையில் பக்கத்து மேசையில் ஒரு தம்பி. தென்னிந்திய ரயில்வே வரலாற்றில் முனைவர் பட்டம் செய்கிறார். ஆங்கில அரசு அறிக்கைகள் நிறையப் படித்துவிட்டார், தமிழில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார். உதவிக்கு வந்த நூலகத்து அம்மா எடுத்த எடுப்பில் கணினிப் பக்கம் போகவில்லை. "உங்களுக்கு ரயில் ஓடின கதை வேணுமா, ரயில்ல போன ஜனங்களோட கதை வேணுமா?" என்று கேட்டார். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜனங்க கதைதான் அக்கா" என்றார். அந்தப் பதிலுக்கு ஏற்ற மாதிரி சிந்து நூல்கள் (நடந்த செய்தியைப் பாட்டாகச் சொல்லும் சின்னப் புத்தகங்கள்), பயணக் கையேடுகள், விளம்பரங்கள் என்று ஒரு பட்டியல் உருவானது. கால் மணி நேரத்துக்குள் அவருடைய ஒரு அத்தியாயமே திசை மாறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அப்புறம் வந்தது ஒரு சிந்துப் புத்தகம். எட்டுப் பக்கம், மட்டமான தாள், ஓரம் பொடிந்து உதிர்கிறது. அட்டையில் ஆங்கில ஆண்டு இல்லை, பிரமாதி வருஷம் என்று மட்டும் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். இது 1879ஆம் வருடத்துப் பிரமாதியா, 1939ஆம் வருடத்துப் பிரமாதியா? ரயில் வரலாற்றுக்கு இந்த அறுபது வருடம் சின்ன வித்தியாசமில்லை. அந்த அம்மா பின்னட்டையைத் திருப்பி, அங்கே விளம்பரம் செய்திருந்த மற்ற நூல்களின் பெயர்களைப் படித்தார். அச்சுக்கூடத்தின் பெயரையும் தெருவையும் பார்த்தார். அதே அச்சுக்கூடத்தில் அடித்த, ஆண்டு தெளிவாக உள்ள இன்னொரு நூலை அட்டவணையில் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பிந்தினதுதான் தம்பி" என்றார்.

ஆய்வேட்டில் அது அடிக்குறிப்பில் ஒரு எண்ணாக நிற்கும், அவ்வளவுதான். அந்த எண்ணைக் கண்டுபிடித்ததும் ஆய்வுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நன்றியுரையில் "நூலகப் பணியாளர்களுக்கும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போவது போதாது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் கொலைச்சிந்துகளில் ஆய்வு செய்தாள். இணையத்தில் அகப்பட்ட சில நூல்களை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்குமேல் தடுமாறினாள். தரமணிக்குப் போகச் சொல்ல அவளுக்கு ஆளில்லை. நான் அதே வளாகத்தில்தான் இருந்தேன். அவள் தலைப்பை எனக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கும் ஏற்பாடும் இல்லை.

மதியம் தெருமுனைக் கடையில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அறுபது ரூபாய். செருப்பு காயவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன். புதுச்சேரி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலைப் பேருந்து. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செயின்ட் லூயிஸ் தெருவில், கடலோரத்துக் கட்டடம். 1955இல் தொடங்கியது. இங்கேயுள்ள சைவ சமயச் சுவடிகளைப் புதுச்சேரியின் மற்றத் தொகுப்புகளோடு சேர்த்து, 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தது. பெரும்பாலும் கிரந்த எழுத்தில், அதாவது தமிழ்நாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்தில் உள்ள ஓலைகள். 1950களில் தொடங்கி என்.ஆர். பட் முதலிய பண்டிதர்கள் கோயில்களிலும் குருக்கள் வீடுகளிலும் தேடிச் சேர்த்து, படியெடுத்து, ஒப்பிட்டு, ஆகம நூல்களுக்குச் செம்பதிப்பு கொண்டுவந்தார்கள். சேகரித்தவரும் படித்தவரும் பதிப்பித்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால்தான் அது முடிந்தது.

ஒரு சுவடிக் கட்டு எப்படிப்பட்டது என்று பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முதல் ஓலையில் ஒரு நூலின் பெயர். அந்தப் பெயரை மட்டும் பட்டியலில் எழுதிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கட்டை அவிழ்த்து ஓலை ஓலையாகப் போனால், நடுவில் கையெழுத்து மாறுகிறது, ஓலை எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. வேறொரு நூல் உள்ளே இருக்கிறது. அதன் பின்னால் பெயரில்லாத சில ஓலைகள், ஏதோ பூசை முறை. எழுதியவரோ அவருக்குப் பின் வைத்திருந்தவரோ தன் வசதிக்கு ஒன்றாகக் கட்டியிருக்கிறார். எத்தனையாவது ஓலையில் எது தொடங்குகிறது என்று குறித்து வைத்த அந்த அட்டவணையாளர் இல்லையென்றால் உள்ளே இருக்கும் நூல் உலகத்துக்கு இல்லாத நூல்தான். அட்டவணை போடுவதை எழுத்தர் வேலை என்று நினைக்கிறவர்களைக் கையைப் பிடித்து இங்கே அழைத்துவர வேண்டும்.

கேரளத்திலிருந்து வந்த ஒரு மாணவி கோயில் சடங்குகளில் ஆய்வு செய்கிறாள். மதியம் சாப்பிடப் போகும்போது என்னையும் கூட்டிப்போனாள். மீன் குழம்புச் சாப்பாடு நூற்றைம்பது. "இங்க வந்த முதல் வாரம் நான் எதுவும் படிக்கலை சேச்சி, என்ன கேக்கணும்னு கத்துக்கிட்டேன்" என்றாள். கல்லூரிப் படிப்பு முழுக்க எந்த நூலகத்திலும் அவளோடு யாரும் அப்படி உட்கார்ந்து பேசியதில்லையாம்.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. நாளை சுதந்திர தினம், மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அதற்கடுத்து ஞாயிறு. தஞ்சாவூர் போகும் ஒரு தனியார் பேருந்தில் தொள்ளாயிரம் ரூபாய் கேட்டார்கள். வழக்கமான கட்டணத்தைச் சொன்னதும், "இஷ்டம்னா ஏறுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அந்தப் பையன். விட்டுவிட்டேன். கடலூர் வரை அரசுப் பேருந்தில் நின்றபடியே வந்து, அங்கிருந்து சிதம்பரத்துக்கு வேறு வண்டி. வழியெல்லாம் மழை, என் பக்கத்து ஜன்னல் ஷட்டர் இறங்க மறுத்தது. கூடை நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, "பையை என் மடியில வைம்மா, நனைஞ்சிடப் போவுது" என்றார். உள்ளே என் குறிப்பேடுகள் இருந்தன. நனையாமல் வந்து சேர்ந்தன.

ஆகஸ்ட் 15, வெள்ளி. சிதம்பரம், சீர்காழி

சிதம்பரத்துக் கொத்சுக்கு ஈடில்லை. கத்திரிக்காய் நன்றாகக் குழைந்து, இட்லியைத் தேடவேண்டிய அளவுக்கு ஊற்றினார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் விடுமுறை, வாசலோடு திரும்பினேன்.

சீர்காழிக்குப் போனது ரங்கநாதன் பிறந்த மண் என்பதற்காக மட்டும். ஒரு பள்ளியில் கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது. அங்கிருந்த ஆசிரியரிடம் ரங்கநாதனைப் பற்றிச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டு, "திங்கட்கிழமை பிரேயர்ல பிள்ளைங்களுக்குச் சொல்லிடறேன் மேடம்" என்று பெயரையும் வருடங்களையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. தஞ்சாவூர்

நேற்று கும்பகோணம் வழியாக வந்து சேர்ந்தேன். டிகிரி காபி முப்பது ரூபாய். விடுதியில் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மேலாளரின் மனைவி ஒரு வாளித் தண்ணீரும், கூடவே கிருஷ்ண ஜெயந்திச் சீடையும் கொடுத்தனுப்பினார். கோபப்பட முடியவில்லை.

மாலையில், மருத்துவக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கும் என் வகுப்புத் தோழரைப் பார்த்தேன். அவர் சொன்னதை முழுதாக எழுதி வைக்கிறேன். மருத்துவத்தில் முறைசார் மதிப்பாய்வு என்று ஒன்று உண்டு. ஒரு கேள்விக்கு உலகம் முழுக்க இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கிப் பார்ப்பது. திரட்டும்போது விட்டுப்போனால் முடிவே தவறிவிடும், நோயாளிக்கு அது ஆபத்து. அதனால் தேடலை வடிவமைக்கத் தகவல் வல்லுநரையோ நூலகரையோ தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது, இத்தகைய மதிப்பாய்வுகளை வெளியிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் கையேடு. தோழர் இப்போது பாம்புக்கடி சிகிச்சை பற்றிய ஒரு மதிப்பாய்வில் இருக்கிறார். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் எந்தப் பொருள்தலைப்பு, எந்தச் சொல்லோடு எதை இணைப்பது, எந்தச் சொல்லைப் போட்டால் தேவையற்றது வந்து குவியும் என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார். அதே தேடலை நாளை வேறொருவர் செய்தாலும் அதே முறையில் செய்து பார்க்கலாம். கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் வரப்போகிறது.

"டாக்டர்தான் என்னைக் கூப்பிட்டார்னு நினைக்காதீங்க. நான்தான் போய்ச் சொன்னேன், நீங்க தேடினதுல பாதி விட்டுப்போச்சுன்னு. முதல்ல கோவம், அப்புறம் சரி வாங்கன்னுட்டார்."

இது என் அறிக்கையின் நடுப்பகுதிக்குப் போகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள். சரசுவதி மகால்

அரண்மனை வளாகம், கூட்டம் குறைவு. சுற்றுலா வருகிறவர்கள் அருங்காட்சியகக் கூடத்தோடு திரும்பிவிடுவார்கள், நூலகம் ஆய்வாளர்களுக்கானது. 49,000 அளவில் சுவடிகள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆட்சியிலிருந்தவர், உலகின் பல மூலைகளிலிருந்து நூல் வரவழைத்தவர். 1918இல் இது பொது நூலகமானது. வடமொழிச் சுவடிகளுக்கு 1880இல் ஆங்கிலேய அதிகாரியும் வடமொழி அறிஞருமான பர்னெல் அச்சிட்ட அட்டவணை வெளிவந்த பிறகுதான் இங்கே என்ன இருக்கிறது என்பது வெளிநாட்டு அறிஞர்களுக்குப் பரவலாகத் தெரிந்தது.

ஓலைகளுக்குப் புல் எண்ணெய் தடவுவதைப் பார்த்தேன். முதலில் மெல்லிய தூரிகையால் தூசு நீக்குகிறார்கள். பிறகு எண்ணெய் தொட்ட துணியால் ஓலையின் நீளவாக்கில் ஒரே போக்கில் துடைக்கிறார்கள், முன்னும் பின்னும் தேய்ப்பதில்லை. எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரி கலந்து பூசித் துடைக்க, கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து மேலெழுந்து வருகிறது. அந்த அறையின் வாசனை இன்னும் என் கைக்குட்டையில் இருக்கிறது.

சரபோஜி கண் வைத்தியத்தில் ஆர்வமுள்ளவர். நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரையச் சொல்லி, சிகிச்சைக் குறிப்புகளையும் எழுதி வைக்கச் செய்தார். அந்த ஏடுகளை நம் காலத்துக் கண் மருத்துவர்கள் எடுத்து ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எந்தத் துறைக்காரர் எதைத் தேடி வருவார் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இருப்பதைச் சொல்லத் தெரிந்த ஆள் உள்ளே இருந்தால் போதும்.

மோடி எழுத்து ஆவணங்கள் இன்னொரு எடுத்துக்காட்டு. மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து. மராட்டிய அரசின் அன்றாடக் கணக்குகள், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலர். மூட்டையாகக் கிடந்ததைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிஞர்களை உட்காரவைத்துத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டது. நூலகத்தில் காகிதம், பல்கலைக்கழகத்தில் ஆள், இரண்டும் சேர்ந்தபோது தஞ்சை வரலாற்றில் அரண்மனைச் செலவும் கூலியும் பண்டத்தின் விலையும் வந்து உட்கார்ந்தன.

மதியம் வெயில் தாங்கவில்லை. திருவையாற்று அசோகா அல்வா ஒரு பொட்டலம் வாங்கி அறையிலேயே தின்று தீர்த்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய். தமிழ்ப் பல்கலைக்கழகம்

1981இல் தொடங்கிய வளாகம், நடக்க நடக்கத் தீராது. ஓலைச்சுவடித் துறைக்கும் நூலகத்துக்கும் போய்விட்டு, மர நிழலில் உட்கார்ந்து அறிக்கையின் முதல் வரைவை எழுதினேன். மூன்று கோரிக்கைகள்தான் வைத்திருக்கிறேன்.

தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு ஆய்வு மாணவரும் நெறியாளரோடு நூலகத்தில் ஓர் அமர்வு உட்கார வேண்டும். கள ஆய்வில் சேரும் ஒலிப்பதிவு, படம், தரவு எல்லாம் மாணவரின் மடிக்கணினியோடு போய்விடாமல் நூலகக் களஞ்சியத்துக்கு வர வேண்டும். எங்கள் வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களின் பேட்டிகள் இப்படித்தான் பழுதான வன்தட்டோடு அழிந்தன. தேடலிலும் காலக்கணிப்பிலும் அட்டவணையிலும் நூலகர் செய்த வேலையை ஆய்வேட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றுவது, ஒப்புமை பார்ப்பது எல்லாம் இப்போது போலவே நடக்கட்டும்.

வரைவை எங்கள் ஆய்வுப் புல முதன்மையரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கடைசிக் கோரிக்கையில் கொஞ்சம் இழுத்தார். "நெறியாளருங்க ஒத்துக்குவாங்களாம்மா?" பிரமாதி வருஷத்துச் சிந்து நூலைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, செப்டம்பர்ல வர்ற புது மாணவர்களோட முதல்ல ஆரம்பிங்க. அரை மணி நேரம் தர்றேன்" என்றார். ஒரு மணி நேரமாவது வேண்டும் என்றேன். துறைத்தலைவர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.